நாயின் கழுத்துப்பட்டை எங்கே அறுகிறது?

நம் ஊரில் நாயின் கழுத்தில் கட்டுவதை 'பெல்ட்' என்போம். தில்லியிலோ கான்பூரிலோ கடைக்குப் போய் பெல்ட் என்று கேட்டால், இடுப்பில் கட்டுவதை எடுத்துக் காட்டுவார்கள். அங்கே அதற்குப் பெயர் 'பட்டா'. மும்பை, புணே பக்கமும் அதே சொல்தான். கொல்கத்தாவில் 'பொக்லஸ்' என்கிறார்கள். நாம் 'பக்கிள்' என்று சொல்லும் அதே ஆங்கிலச் சொல்தான் வங்காளியர் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. பட்டா என்றதும் நமக்கு நிலமும் தாசில்தார் அலுவலகமும் நினைவுக்கு வந்தால், அது வேறு விஷயம்!

சொல் தெரிந்துவிட்டது, கடைக்குப் போகிறோம். "மஜ்பூத் பட்டா வேண்டும்" என்கிறோம். கடைக்காரர் இருப்பதிலேயே தடிமனான ஒன்றை எடுத்து மேஜையில் போடுகிறார். அகலம் இரண்டு அங்குலம். மேலே வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள் அல்லது கூரான முட்கள். கையில் தூக்கினால் கனமாக இருக்கிறது. பணத்தைக் கொடுத்து வாங்கி வருகிறோம். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சாலையோரத்தில் பூனையைக் கண்டு நாய் பாய்கிறது. தடித்த பட்டை அப்படியே இருக்க, அதில் கோத்திருந்த வளையம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு சங்கிலியோடு நம் கையில் நிற்கிறது. நாய் சாலையின் நடுவில்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் நம்மவருக்கு இது சிறிய விஷயம் அன்று. நாய் வண்டியில் அடிபடலாம். அடுத்த வீட்டுக் குழந்தையின் மேல் பாயலாம். கடித்தது எவர் நாய் என்ற பேச்சு வரும்போது, பத்து வருடம் ஒரே கட்டடத்தில் குடியிருந்தாலும் நாம் 'அந்த மதராஸி வீட்டுக்காரர்' ஆகிவிடுவோம். ஆகவே பலமுள்ள நாய்க்குப் பட்டை வாங்குவதைப் பற்றிச் சற்று விவரமாகவே பார்ப்போம். லாப்ரடார், அல்சேஷன் என்று நாம் அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், ராட்வைலர் போன்ற கனத்த நாய்களையும், எடையில் அவ்வளவு இல்லாவிட்டாலும் வேகத்தில் அவற்றை மிஞ்சும் நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் வேட்டை நாய்களையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முழுச் சுமை வளையத்துக்கு

ஒரு கயிற்றை வளையமாக முடிந்து தூணில் மாட்டி, ஓரிடத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுக்கும் விசை தூணின் இரண்டு பக்கமும் பிரிந்து செல்லும். நாயின் கழுத்துப்பட்டையும் அப்படித்தான். சங்கிலியில் வரும் இழுப்பு முழுவதையும் தாங்குவது, சங்கிலியைக் கோக்கும் அந்த 'டி' வடிவ வளையம். அதன் பிறகு இழுப்பு இரண்டாகப் பிரிந்து, பட்டையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறையப் பாதிதான் போகிறது. பாதிச் சுமை தாங்கும் பட்டையைத் தடிமனாகவும், முழுச் சுமை தாங்கும் வளையத்தை மெல்லிய கம்பியிலும் செய்து விற்பதுதான் கடைகளில் நாம் காணும் விந்தை. வாங்குகிறவர் கண்ணுக்குப் பட்டைதானே தெரிகிறது!

எனவே முதலில் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். கம்பியை வளைத்து இரு முனைகளையும் சும்மா நெருக்கி வைத்திருந்தால், அந்த இடத்தில் மயிரிழை போல ஓர் இடைவெளி தெரியும். பலமான நாய்க்கு அது உதவாது. முனைகளைப் பற்றவைத்து ஒன்றாக்கியிருக்க வேண்டும். விரலால் தடவினால் பற்றவைத்த இடத்தில் சிறு மேடு தட்டுப்படும். பெரிய நாய்க்கு வளையத்தின் கம்பி 4 முதல் 5 மில்லிமீட்டர் பருமன் இருப்பது நல்லது.

வளையம் எந்த உலோகம் என்று அறியக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மஞ்சளாக மின்னுவதெல்லாம் பித்தளை அல்ல. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். இரும்பு பலமற்றது என்று சொல்லவில்லை. மும்பை மழையிலும் சென்னைக் கடற்காற்றிலும் முலாம் உரிந்து துரு ஏறும், துரு தையல் நூலை அரிக்கும் என்பதுதான் குறை. காந்தம் ஒட்டவில்லை என்றால் பித்தளையாகவோ எவர்சில்வராகவோ இருக்கலாம். ஆனால் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து மஞ்சள் பூசியிருந்தாலும் காந்தம் ஒட்டாது. சாவி முனையால் உட்பக்கம் மெல்லக் கீறினால் வெளுத்த சாம்பல் நிறம் தெரிந்துவிடும். இந்த வார்ப்பு வளைந்துகூடக் கொடுக்காது. திடீரென்று பிஸ்கட் போல உடையும். பட்டைகளில் இதைவிட மோசமான உலோகம் இல்லை என்பது என் கருத்து.

அடுத்தது பக்கிள். அதன் முள், சட்டத்தின் மேல் நன்றாகப் படிந்து உட்கார வேண்டும். கையால் அழுத்தினால் வளையக் கூடாது. அகலமான பட்டைக்கு இரண்டு முள் வைத்த பக்கிள் நல்லதே, ஆனால் ஒரே முள் தடிமனாக இருந்தாலும் போதும். பிளாஸ்டிக்கில் இருபுறமும் அமுக்கித் திறக்கும் 'க்ளிப்' வகை, மாட்டவும் கழற்றவும் எளிது என்பதால் பலருக்கும் பிடிக்கிறது. குட்டிக்கும் சிறிய நாய்க்கும் வைத்துக்கொள்ளலாம். முப்பது கிலோ நாயை அதை நம்பிச் சாலையில் அழைத்துச் செல்லாதீர்கள். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. மண் புகுந்தால் 'க்ளிக்' என்று சத்தம் கேட்டாலும் முழுதாகப் பூட்டியிருக்காது.

பட்டையின் ஓட்டைகளையும் பாருங்கள். பழைய பட்டையில் நாம் வழக்கமாக மாட்டும் ஓட்டை முட்டை வடிவில் நீண்டிருந்தால், தோல் அங்கே நைந்து வருகிறது என்று பொருள். நைலான் பட்டையில் ஓட்டைகளுக்கு உலோகக் கண் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் நூல் பிரிந்துகொண்டே போகும்.

தையலும் ஆணியும்தான் கடைசிக் கண்ணிகள். பக்கிளையும் வளையத்தையும் சுற்றிப் பட்டை மடிந்து வரும் இடத்தில் தையல், ரிவெட் ஆணி இரண்டுமே இருப்பது நலம். உள்ளே பொள்ளலான ஆணியை வெறுமே அமுக்கிப் பொருத்தியிருந்தால் ஒரே இழுப்பில் தலை கழன்றுவிடும். வாஷர் வைத்து அடித்த செப்பு ஆணி நிற்கும். நைலானில், கட்டம் போட்டு நடுவே பெருக்கல் குறி போலத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வண்டிகளின் இருக்கை வாரிலும் மூட்டை தூக்கும் வார்களிலும் இந்தத் தையலைப் பார்த்திருப்பீர்கள். நூல் பருத்தியாக இருக்கக் கூடாது, ஈரத்தில் மக்கும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, சங்கிலியின் கொக்கியை மறந்துவிடுகிறோம். நல்ல பட்டையில் மலிவான கொக்கியை மாட்டினால் மொத்தத்தின் பலம் கொக்கியின் பலம்தான். சுழலும் கழுத்து, உள்ளே வில், தள்ளித் திறக்கும் நாக்கு ஆகிய மூன்றில் வில்தான் முதலில் துருப்பிடிக்கும். நாக்கு தானாகத் திரும்பி வந்து மூடாவிட்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பட்டையைப் பூட்டி, வளையத்தில் சங்கிலியைக் கோத்து, பட்டைக்குள் செருப்புக் காலை விட்டு மிதித்துக்கொண்டு, சங்கிலியை இரு கையாலும் மேலே இழுங்கள். ஆரோக்கியமான ஆள் ஒருவர் இப்படி 40, 50 கிலோ விசையை எளிதில் கொடுத்துவிட முடியும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அந்த இழுப்புக்கே வளையம் கோணினால், நாயின் பாய்ச்சலுக்கு எங்கே நிற்கப் போகிறது?

தோலா, நைலானா?

நல்ல தோலுக்கு ஈடில்லை என்பது பழைய கருத்து. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 'நல்ல' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதமிட்ட தோல் கெட்டியாக, வடிவம் மாறாமல், நாளாக நாளாகக் கழுத்துக்கு ஏற்றபடி படிந்து வரும். தென்னாட்டில் இதற்கு ஆவாரம் பட்டையைப் பயன்படுத்தினார்கள். கான்பூரில் கருவேலம் பட்டை. பிற்பாடு வாட்டில் மரப்பட்டைச் சத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. குரோம் உப்பில் பதமிட்ட தோல் மென்மையானது, செருப்பின் மேல்தோலுக்கும் கைப்பைக்கும் ஏற்றது, இழுத்தால் நீளும். வெட்டிய விளிம்பைப் பார்த்தால் தெரியும்: பட்டைப் பதத் தோல் உள்ளேயும் பழுப்பு நிறமாக இருக்கும், குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் சாயல் தெரியும்.

தோல் என்று சொல்லி விற்கும் இன்னொன்று, தோல் தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கிய பொருள். ரெக்சினும் உண்டு. பட்டையை உள்பக்கமாக மடித்துப் பாருங்கள். உண்மைத் தோல் சுருங்கி மீளும். தூள் தோல் காகிதம் போல வெடிக்கும். இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே அட்டை வைத்துத் தைத்துத் தடிமன் காட்டுவதும் உண்டு. விளிம்பில் சாயம் கனமாகப் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். பெரிய நாய்க்கு ஒற்றைத் தோல் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் போதும்.

கான்பூர்த் தமிழன்பர்களுக்கு இதில் ஒரு வசதி. 19-ஆம் நூற்றாண்டில் இராணுவத்துக்குச் சேணமும் வாரும் செய்யும் தொழிற்சாலை அங்கே அமைந்ததிலிருந்து அந்த ஊர் சேணத் தொழிலுக்குப் பேர்போனது. ஜாஜ்மவ் பகுதியின் பதனிடும் கூடங்களைப் பலரும் அறிவார்கள். குதிரைக்கு வார் தைக்கிறவர் நாய்க்குத் தைத்துக் கொடுக்க மாட்டாரா? மற்ற நகரங்களிலும் கழுத்தின் அளவைக் கொண்டுபோய்க் கொடுத்து, பற்றவைத்த வளையத்தையும் பித்தளைப் பக்கிளையும் நாமே வாங்கித் தந்தால், சாலையோரத்தில் செருப்புத் தைக்கும் நல்ல கைவினைஞர் ஒருவர் கடைப் பட்டையைவிட மேலானதைச் செய்து கொடுப்பார். இந்த வழியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

தோலின் குறை பராமரிப்பு. தில்லி மே மாத வெப்பக் காற்றில் வறண்டு வெடிக்கும். மும்பை ஜூலை மழையில் பூஞ்சணம் பூக்கும். ஈரமானால் நிழலில் உலர்த்துங்கள், அடுப்பருகே வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை துணியில் சில துளி விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். நம் கிராமங்களில் கமலைத் தோலுக்கும் செருப்புக்கும் அதைத்தானே தடவினார்கள்! அதிகம் ஊற்றினால் தோல் தொளதொளவென்று ஆகிவிடும்.

நைலானுக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரில் அலசிக் காயப்போடலாம், விலையும் குறைவு. அடிக்கடி நீரில் இறங்கும் லாப்ரடாருக்கு அதுவே மேல். இரட்டையாக மடித்துத் தைத்ததாகவும், விளிம்பு கழுத்தை அறுக்காதபடி மென்மையாகவும் இருக்க வேண்டும். வெட்டுமுனையைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டியிருந்தால், அந்த முனை உள்பக்கம் கூராக நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நாய் மெல்லும் பழக்கமுள்ளதானால், ஓரம் ஒரு நூல் பிரிந்தாலும் பட்டையை மாற்றிவிடுவதே சரி.

அளவு எடுப்பது

தையற்காரரின் நாடாவால் கழுத்தின் நடுவில் ஒரு முறையும், காதுக்குச் சற்றுக் கீழே ஒரு முறையும் அளக்க வேண்டும். பிறகு காதுகளுக்கு முன்னால், தலையின் அகன்ற இடத்தில் ஒரு முறை. இந்த மூன்றாவது அளவை யாரும் எடுப்பதில்லை. ஆனால் நாய் தப்புமா தப்பாதா என்பதைச் சொல்வது அதுதான். தலைச் சுற்றளவு கழுத்துச் சுற்றளவைவிட ஓரிரு அங்குலம்கூட அதிகமில்லை என்றால், சாதாரணப் பட்டையிலிருந்து நாய் பின்னோக்கி நடந்தே தலையை உருவிக்கொள்ளும். சிப்பிப்பாறை, கன்னி, முதோல் போன்ற ஒடுங்கிய தலையுடைய வேட்டை நாய்கள் இதில் கைதேர்ந்தவை. அவற்றுக்கு எவ்வளவு தடித்த பட்டை போட்டாலும் பயனில்லை. பட்டை அறுவதில்லை; நாய்தான் அதில் இல்லை!

இத்தகைய நாய்க்கு 'மார்ட்டிங்கேல்' என்ற வகை உண்டு. பெரிய பட்டை கழுத்தை முழுதும் சுற்றாது; அதன் இரு முனை வளையங்களையும் ஒரு சிறிய வார் இணைத்திருக்கும். சங்கிலியை அந்தச் சிறிய வாரில் கோக்க வேண்டும். நாய் பின்வாங்கும்போது சிறிய வார் இறுகி இரு முனைகளையும் நெருக்கும். முனைகள் ஒன்றையொன்று தொட்டதும் இறுக்கம் நின்றுவிடும். அந்த நிலையில் பட்டை கழுத்தின் சரியான அளவில் இருக்கும்படி சரிசெய்துகொண்டால் மூச்சும் அடைக்காது, தலையும் வெளிவராது. அகலம் இரண்டு அங்குலம் இருப்பது நல்லது. நீண்ட மெல்லிய கழுத்துக்கு அகலப் பட்டை அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும்.

மற்ற பெரிய நாய்களுக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குல அகலம் போதும். நாய் தலையைத் தாழ்த்தி நீர் குடிக்கும்போது மேல் விளிம்பு தாடையில் குத்தினால் அகலம் அதிகம். பூட்டிய பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். அடர்ந்த மயிருள்ள நாய்க்கு மயிரை விலக்கிப் பார்க்க வேண்டும். வளரும் குட்டிக்கு ஒரு வயது வரை வாரந்தோறும் இந்தச் சோதனை அவசியம். மறந்துபோன பட்டை சதைக்குள்ளேயே புதைந்துவிடுவதைக் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

பட்டை அறாவிட்டால் என்ன ஆகும்?

இதுதான் யோசிக்க வேண்டிய இடம். பட்டை, வளையம், கொக்கி, சங்கிலி எல்லாம் உறுதி. அப்படியானால் பாய்ச்சலின் விசை எங்கே போகும்? கழுத்துக்கு.

ஒரு சிறு கணக்கு. 30 கிலோ எடையுள்ள நாய் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது; அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர், பெரிய நாய்க்கு இது சாதாரண ஓட்டம். சங்கிலி முடிந்ததும் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் அது நிறுத்தப்பட்டால், கழுத்தில் விழும் சராசரி விசை ஏறக்குறைய 380 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அதே நாய் அரை மீட்டர் தூரத்தில் தேங்கி நின்றால் 76 கிலோதான். ஓடும் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். கையில் பிடித்திருப்பவர் ஓரடி முன்னே இழுபடுகிறார், தோள் நீள்கிறது. அந்த நெகிழ்ச்சி நாயின் கழுத்தைக் காக்கிறது. இரும்புக் கேட்டில் கட்டிய சங்கிலிக்கு நெகிழ்ச்சியே கிடையாது. வீட்டு வாசலில் பத்து, பதினைந்து அடிச் சங்கிலியில் நாயைக் கட்டி, தபால்காரரைக் கண்டு அது ஓடி வந்து சங்கிலி முனையில் குப்புற விழுவதை வேடிக்கை பார்க்கிறோமே, ஒவ்வொரு முறையும் நடப்பது இதுதான். மூச்சுக்குழாய், தைராய்டு, கழுத்தெலும்பு எல்லாம் அந்தப் பட்டைக்கு அடியில் இருக்கின்றன. கண்ணும் தப்புவதில்லை: பட்டையில் இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, மார்பு வாரில் இழுக்கும்போது அப்படிக் கூடுவதில்லை என்று 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே நடக்கும்போது ஓயாமல் இழுக்கும் நாய்க்கு, மார்பையும் தோளையும் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். வளையம் நெஞ்சுப் பக்கம் உள்ளதாக இருந்தால் இழுக்கும் நாய் பக்கவாட்டில் திரும்பிவிடும். முதுகில் மட்டும் வளையம் இருந்தால் வண்டி மாடு போல இன்னும் உற்சாகமாக இழுக்கும். பட்டையும் இருக்கட்டும்: பெயர் வில்லைக்கும், ஹார்னஸ் நழுவினால் பிடிப்பதற்கும். கூடவே பழக்கவும் வேண்டும். நாய் இழுத்தால் நின்றுவிடுங்கள். வார் தளர்ந்ததும் நடங்கள். இரண்டு வாரம் தெருமுனைக்குப் போக அரை மணி ஆகும். பிறகு சரியாகிவிடும்.

கடைகளில் கிடைக்கும் 'சோக் செயின்', இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும் சங்கிலி. அதற்கு எல்லை கிடையாது. அதை மாட்டி நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வெளியே போவது, சுருக்குக் கயிற்றில் விட்டுப் போவதுதான்.

முள் வைத்த பட்டைக்கு உண்மையான வேலை ஒன்று இமயமலையில் இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் கத்தி இடையர்கள் ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்களுக்கு வெளிப்பக்கம் முள் நீட்டிய இரும்புப் பட்டையை மாட்டுகிறார்கள். சிறுத்தை நாயைக் கழுத்தில்தான் கவ்வும். கவ்வ வந்தால் வாயில் முள் குத்தும். நம் குடியிருப்பின் லிப்டில் சிறுத்தை வருவதில்லை. அங்கே முள் கிழிப்பது பக்கத்தில் நிற்பவரின் காலையும், தடவ வந்த குழந்தையின் கையையும்தான்.

பட்டை பலமாக இருப்பதால் வரும் வேறு ஆபத்துகளும் உண்டு. பால்கனியில் பட்டையோடு கட்டிப்போடாதீர்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்தால் கழுத்தில் தொங்கும். ஜன்னல் கம்பியிலும் கூண்டின் கம்பியிலும் வளையம் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு நாய்கள் கட்டிப் புரண்டு விளையாடும்போது ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் பட்டைக்குள் சிக்கி, இரண்டும் புரளப் புரளப் பட்டை முறுகும். உறுதியான பட்டை அறாது, பக்கிளைத் திறக்கவும் விடாது. விளையாடும் நேரத்திலும் கூண்டில் அடைக்கும் நேரத்திலும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

வாரைப் பிடிப்பவரையும் பார்க்க வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளையின் எடை 30 கிலோ, நாயின் எடையும் 30 கிலோ என்றால் யார் யாரை அழைத்துப் போகிறார்கள்? சங்கிலியை விரல்களில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் கூடாது, விரல் முறியும். நாலைந்து அடி நீளமுள்ள தோல் வார் கைக்கு இதமானது.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும் குற்றமாகக் கூறுகிறது. இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவை உறுப்பினரான அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் பிறகு அரசின் சட்டமாக உருவெடுத்தது. 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

மறுபக்கம், விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறுவதும் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையின் 291-ஆம் பிரிவு அதைப் பற்றியது. தில்லியில், பதிவு செய்த நாய் உலோக வில்லை கோத்த கழுத்துப்பட்டை அணிய வேண்டும் என்று விதிக்க 1957-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமே இடம் தருகிறது. அந்த வில்லையோடு உங்கள் கைபேசி எண் பொறித்த தகடு ஒன்றையும் கோத்துவிடுங்கள். வட நகரங்களில் தீபாவளி வெடிச் சத்தம் ஒரு நாளோடு நிற்பதில்லை. மிரண்ட நாய் எந்தப் பட்டையிலிருந்தும் உருவிக்கொள்ளப் பார்க்கும். அந்த வாரம் முழுவதும் பட்டை, ஹார்னஸ் இரண்டையும் மாட்டி, இரண்டையும் சேர்த்துக் கோத்து, பட்டாசு தொடங்குமுன் மாலையிலேயே நடத்தி அழைத்து வந்துவிடுங்கள்.

கோடை விடுமுறைக்கு நாயோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ.சி. முதல் வகுப்பில் கூப்பே முழுவதையும் நமக்கே எடுத்துக்கொண்டால் நாய் நம்முடன் வரலாம்; இல்லாவிட்டால் பிரேக் வண்டியின் நாய்ப்பெட்டிதான். பட்டையும் சங்கிலியும் இல்லாத நாயை ரயில்வே ஏற்காது. தடுப்பூசிச் சான்றிதழும் கேட்பார்கள். தில்லியிலிருந்து சென்னைக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல். நாய்ப்பெட்டியில் விடும்போது சோக் செயின் வேண்டவே வேண்டாம். தட்டையான பட்டை, குட்டையான சங்கிலி, சுழலும் கொக்கி. சங்கிலி கால்களில் சுற்றாத நீளத்தில் இருக்கிறதா, படுத்தால் தலை தரையைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மூடச் சொல்லுங்கள். வண்டி அதிக நேரம் நிற்கும் நிலையங்களில் இறங்கிப் போய்த் தண்ணீர் வைக்கும்போது, கொக்கியைக் கழற்றுவதற்கு முன் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நடைமேடைக் கூட்டத்தில் ஓடிவிட்ட நாயைப் பிடிப்பது எளிதல்ல.